கூடி வாழ்ந்தார்களா?

கேள்வி: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க எல்லைப்புறப் பண்ணைக் குடும்பங்களைப் பற்றிப் படித்தேன். அப்பா உழ, அம்மா ரொட்டி சுட, பிள்ளைகள் கூடமாட உதவ... செல்போனும் டி.வி.யும் இல்லாத அந்த ஒற்றுமையை நாம் தொலைத்துவிட்டோம், இல்லையா?

பதில்: ஒற்றுமை இருந்தது, சரி. எதனால் இருந்தது என்று பார்த்தீர்களா?

1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட நிலச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஐந்து வருடம் அந்த நிலத்திலேயே குடியிருந்து பயிர்செய்தால்தான் பட்டா. 160 ஏக்கர் என்றால் பக்கத்துக்கு அரை மைல். ஊருக்குள் வீடு, ஊருக்கு வெளியே வயல் என்பதற்கே வழியில்லை. ஆளுக்கொரு சதுரம், அதற்குள் தன்னந்தனியாக ஒரு வீடு. தாத்தா பாட்டி நாட்டின் கிழக்குப் பகுதியிலோ, கடல் தாண்டி ஸ்வீடனிலோ இருந்தார்கள். ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிட ஆள் கிடையாது. வேறு போக்கிடம் இல்லாதவர்கள் ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் நீங்கள் ஒற்றுமை என்கிறீர்கள். (அந்த நிலமும் சும்மா கிடந்ததல்ல. நெப்ராஸ்கா மாநிலத்தின் பவ்னி பழங்குடி மக்களை 1870-களில் தெற்கே அனுப்பிவிட்டார்கள்.)

அம்மா ரொட்டி சுட்டாள் என்றீர்களே, எதை எரித்து? சமவெளியில் மரம் அரிது. புல்வேரோடு பெயர்த்த மண்பாளங்களை அடுக்கித்தான் வீடே கட்டினார்கள். கூரையும் மண். மழை விட்டும் தூவானம் விடாது என்பது அங்கே வீட்டுக்குள் நடந்தது. மண்ணும் பூச்சியும் சோற்றில் விழாதிருக்க உத்தரத்துக்குக் கீழே துணி கட்டினாள். மேய்ச்சல் வெளியில் காய்ந்து கிடந்த எருவைப் பொறுக்கி வந்து அடுப்பில் போட்டாள். அதுவும் தீர்ந்தால் காய்ந்த புல்லை முறுக்கிப் போட வேண்டும். மளமளவென்று எரிந்துவிடும், ரொட்டி வேகும்வரை யாராவது முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் 'கூடமாட உதவிய' பிள்ளை அதற்குத்தான். 1874-இல் வெட்டுக்கிளி இறங்கியபோது காய்கறிப் பாத்தியைக் காப்பாற்றப் போர்வையை விரித்தார்கள். வெட்டுக்கிளி போர்வையையும் தின்றது.

இத்தனை பாடுபட்டவள் அந்தச் சட்டத்தில் தன் பெயருக்கு நிலம் கேட்க முடியாது. கல்யாணம் ஆகாதவளுக்கும் விதவைக்கும் மனுப்போடும் உரிமை உண்டு. புருஷனோடு குடித்தனம் நடத்துபவளுக்கு இல்லை. என்னால் ஆறவே முடியாத இடம் இது.

நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் 1886 முதல் இந்தக் குடும்பங்களைப் படம் எடுத்தவர் சாலமன் புட்சர். ஒரு படத்தில் குடும்பமே வெட்டவெளியில், ஆடுமாடு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. நடுவில் ஒரு ஆர்கன் பெட்டி, ஹார்மோனியம் மாதிரி ஒரு பெரிய இசைக்கருவி. மண்வீட்டில் வாழ்வது கிழக்கே இருக்கும் சொந்தக்காரர்களுக்குத் தெரியக்கூடாது என்று அந்த வீட்டு அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அதனால் ஆர்கனை வெளியே தூக்கி வந்து வைத்து, வீடு படத்தில் விழாமல் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் அதைத் திரும்ப உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.