பல்செட் கட்டிய பிறகு பந்தியில் உட்காரக் கூச்சம்: என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு வயது 67. கடையம் பக்கம் ஒரு கிராமம். பீடி சுற்றுகிறேன். சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். போன வருடம் சித்திரையில், மிச்சமிருந்த ஏழெட்டுப் பல்லையும் எடுத்துவிட்டு ஒரே மாதத்தில் மேலும் கீழும் முழுப் பல்செட் கட்டினேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது மேல் செட் நிற்கிறது, கீழ் செட் பேசினாலும் சாப்பிட்டாலும் தூக்கிக்கொண்டு வருகிறது. இடது பக்கம் ஈறில் குத்துகிறது. போன ஆவணியில் பேத்தி கல்யாணத்தில்கூட நான் பந்தியில் உட்காரவில்லை. எல்லோரும் போன பிறகு சமையல்கட்டில் தனியாக ரசம் சோறு மட்டும் சாப்பிட்டேன். பீடித் தட்டோடு நாலு பெண்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போதும் நான் வாய் திறப்பதில்லை. மகன் ஸ்க்ரூ பல் வைக்கலாம் என்கிறான். பேசாமல் இதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஈறாலேயே மென்று காலத்தை ஓட்டிவிடலாமா? வெற்றிலை போடலாமா? தை மாதம் பேத்திக்கு வளைகாப்பு வருகிறது.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் ஈறு வலியைவிட அந்தச் சமையல்கட்டுதான் என்னை உறுத்துகிறது. பேத்தி கல்யாணத்தில் பாட்டி ஒளிந்து சாப்பிட்டார் என்றால், அந்தப் பல்செட் செய்ய வேண்டிய முக்கியமான வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

முதியவர்களின் வாய் நலத்தை அறிவதற்காக 1990-ல் அமெரிக்காவில் 12 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். எத்தனை பல் இருக்கிறது, எத்தனை சொத்தை என்று அதில் கேட்பதில்லை. கடந்த மூன்று மாதத்தில் மற்றவர்கள் முன்னால் சாப்பிடச் சங்கடப்பட்டீர்களா, வாயை நினைத்து ஆட்களோடு பழகுவதைக் குறைத்தீர்களா, நினைத்தபடி பேச முடிந்ததா என்றுதான் கேட்பார்கள். யாரும் கேட்காமலே அதில் பாதிக்கு நீங்கள் பதில் எழுதிவிட்டீர்கள். இது வெறும் கூச்சம் இல்லை. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் செட் கட்டிய பலரும் சொல்வதில்லை. காசு கொடுத்துக் கட்டியாகிவிட்டது, திரும்பப் போய் எப்படிக் குறை சொல்வது என்று தயங்கி, கழற்றி டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கீழ் செட் ஏன் தூக்குகிறது என்று கேளுங்கள். மேல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் இடம் இருக்கிறது. நடுவில் மெல்லிய எச்சில் படலம், அதன் பிடியில் அது ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழே அண்ணம் இல்லை, நாக்கு இருக்கிறது. குதிரை லாடம்போல வளைந்த ஒரு சின்ன மேட்டின் மேல்தான் கீழ் செட் உட்கார வேண்டும், நாக்கு அசையும்போதெல்லாம் அதைத் தள்ளும். அதோடு, பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு கரையும். முதல் வருடத்தில்தான் வேகம் அதிகம். 25 வருடம் தொடர்ந்து கவனித்து 1972-ல் வெளியான ஓர் ஆய்வில், மேல்தாடையைப்போலக் கீழ்த்தாடை நாலு மடங்கு கரைந்திருந்தது. நீங்கள் பல் எடுத்த ஒரே மாதத்தில் செட் கட்டியிருக்கிறீர்கள். அன்றைக்கு இருந்த ஈறுக்கு அளவெடுத்த செட் அது. கோடையில் குளத்துத் தண்ணீர் கரையை விட்டு உள்ளே போவதுபோல, ஈறு இப்போது கீழே இறங்கிவிட்டது. செட் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. உங்கள் மேலும் தப்பில்லை, கட்டியவர் மேலும் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்று அவர் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கு ரீலைன் என்று ஒரு வேலை இருக்கிறது. அந்தச் செட்டையே வைத்து, இப்போதைய ஈறுக்கு மறுபடி அளவெடுத்து, உள்பக்கத்தில் புதிதாக அக்ரிலிக் பூசிக் கொடுப்பார்கள். புது செட்டைவிடச் செலவு குறைவு. ஓரிரு நாளில் முடியும். குத்தும் இடத்தையும் அப்போதே ராவிச் சரிசெய்துவிடுவார்கள். நீங்களே ராவ வேண்டாம். ஒரு பெரியவர் வீட்டு அரத்தை வைத்து ஓரத்தை ராவிக்கொண்டு என்னிடம் வந்தார். குத்தின இடம் அப்படியே இருந்தது, அதற்குப் பக்கத்தில் நல்ல இடம் அரிசி அளவுக்குப் பள்ளமாகியிருந்தது. பிறகு அவருக்குப் புது செட்தான் செய்ய வேண்டியிருந்தது. மெடிக்கலில் விற்கும் ஒட்டுப் பசையைக் கொஞ்சமாகத் தடவிக்கொள்வதில் தவறில்லை, ஆனால் பொருந்தாத செட்டை அது பொருந்த வைக்காது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முழுசெட்டில் கடிக்கும் பலம், சொந்தப் பல்லின் பலத்தில் கால்வாசி இருந்தாலே பெரிது. எவ்வளவு நல்ல செட் என்றாலும் அப்படித்தான். அதனால் மெல்லும் விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். முன்பல்லால் கடித்து இழுக்காதீர்கள், பின்பக்கம் தூக்கிவிடும். சின்னத் துண்டாக எடுத்து, இரண்டு கடைவாயிலும் ஒரே நேரத்தில் வைத்து மெல்லுங்கள். கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் தராசு மாதிரி இரண்டு பக்கமும் சமமாக அழுத்தினால்தான் செட் ஆடாது. புதிதாகப் பழக ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். இடியாப்பமும் சொதியும் முதல் வாரமே போகும். உளுந்தஞ்சோறு தாராளமாகச் சாப்பிடுங்கள், கூட வரும் எள்ளுத் துவையலை மட்டும் நைசாக அரைக்கச் சொல்லுங்கள். ஒரு எள் செட்டுக்கு அடியில் போய்விட்டால் போதும், சாப்பாடே வெறுத்துவிடும். நுங்கு பிரச்சினையே இல்லை. பனங்கிழங்கின் நாரும் முறுக்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஈறாலேயே மெல்லலாமா என்றால், சிலர் மெல்லுகிறார்கள்தான். உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். காரணம் சர்க்கரை. மெல்ல முடியாதவர்கள் கஞ்சி, குழைந்த சோறு, ரசம், பால்காபி என்று இறங்கிவிடுகிறார்கள். காயும் பயறும் மீனும் தட்டில் இருந்து போய்விடும், சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் வாய் வறளும், எச்சில் குறைந்தால் செட்டின் பிடி இன்னும் விடும். பருப்புக் கடைசல், வேகவைத்த முட்டை, முள்ளெடுத்த மீன், பொடியாக நறுக்கிய கீரை, இதில் ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும்.

பேச்சு வந்துவிடும். த, ந இரண்டுக்கும் நாக்கு மேல் பல்லின் பின்பக்கம் தொட வேண்டும். வ சொல்ல, கீழ் உதடு மேல் பல்லை உரச வேண்டும். பல் மாறினால் இந்த எழுத்துகள் தடுமாறுவது இயல்பு. தினமும் பத்து நிமிடம் தினத்தந்தியைச் சத்தமாக வாசியுங்கள். பத்திரிகையின் பெயரிலேயே பயிற்சி இருக்கிறது. நாங்குநேரி, வள்ளியூர் என்று ஊர்ப் பெயர்களையும் சொல்லிப் பாருங்கள். வீட்டில் தடுமாற்றம் நின்றதும் திண்ணையில் உங்கள் தோழிகளோடு பேச ஆரம்பியுங்கள். கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அன்றைக்கே விட்டுவிடுங்கள்.

ராத்திரி செட்டோடு தூங்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் செட்டின் அடியில் பூஞ்சை எளிதாக வரும். அண்ணம் சிவந்து எரியும், சிலருக்கு எரியவே எரியாது, சிவந்திருப்பது மட்டும் தெரியும். ஜப்பானில் 85 வயது தாண்டிய 500-க்கும் மேற்பட்டவர்களை மூன்று வருடம் கவனித்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. படுக்கும் முன் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் சோப்புப் போட்டுத் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் போட்டுவையுங்கள். பல்பொடியும் பேஸ்ட்டும் செட்டில் கீறல் போடும், வெந்நீர் அதை வளைத்துவிடும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டால் கை வழுக்கினாலும் உடையாது.

வெற்றிலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். புகையிலை அறவே கூடாது. பாக்கு மட்டும் என்றாலும் கூடாது, தனிப் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே ஈறில் உரசல் வேறு இருக்கிறது. செட்டைச் சரிசெய்த பிறகும் அந்தப் புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால், வலி இல்லாவிட்டாலும் உடனே காட்டுங்கள்.

மகன் சொல்லும் ஸ்க்ரூ பல் நல்ல யோசனைதான், ஆனால் வாய் முழுக்கத் தேவையில்லை. கீழ்த்தாடையின் முன்பக்கம் எலும்பில் இரண்டே இரண்டு ஸ்க்ரூ (இம்ப்ளான்ட்) வைத்து, அதன் மேல் செட்டைப் பட்டன்போல மாட்டிக்கொள்ளலாம். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-ல் கனடாவின் மான்ட்ரியலில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். தூக்குகிற பிரச்சினை பெருமளவு தீரும். செலவு அதிகம், மூன்று மாதச் சர்க்கரை அளவும் கட்டுக்குள் இருக்க வேண்டும். முதலில் ரீலைன் செய்யுங்கள், அதிலும் நிற்கவில்லை என்றால் இதை யோசிக்கலாம். வசதி இல்லை என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியின் பல் பிரிவில் போய்க் கேளுங்கள்.

இப்போது ஐப்பசி. இந்த வாரமே போனால் தைக்குள் பழகிவிடலாம். அதுவரை வீட்டில் ஒருவேளையாவது மகனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். வளைகாப்புக்குக் கலவைச் சாதம்தானே, எல்லாம் மெத்தென்று இருக்கும், புளியோதரையில் கிடக்கும் நிலக்கடலையை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பேத்திக்குப் பக்கத்து இலையில் உட்காருங்கள். பல் டாக்டரிடம் போகிற அன்று வலிக்கிறதென்று செட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முந்தின நாள் பகலிலேயே மாட்டி, ராத்திரி மட்டும் கழற்றிவிட்டு, காலையில் மறுபடி வாயில் மாட்டிக்கொண்டு போங்கள், எங்கே குத்துகிறது என்று ஈறே அவருக்குக் காட்டிக்கொடுக்கும்.