கையில் காசா, பையில் அட்டையா?

யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் 24 வருடம் வேலை செய்தேன். முதலில் கவுண்டர், பிறகு அட்டைப் பிரிவு. காசைப் பற்றியும் அட்டையைப் பற்றியும் நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து குடும்பமாக வருகிறோம். காசாகக் கொண்டுவரவா, அட்டை போதுமா?

இரண்டும் வேண்டும் தங்கச்சி, ஆனால் ஒரே பையில் வேண்டாம். அர்ச்சனை, கச்சான், ஓட்டோ எல்லாவற்றுக்கும் கையில் காசு வேண்டும். குறிகாட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனாலும் அப்படித்தான். அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தங்கும் இடத்தில் பூட்டி வையுங்கள். தேருக்கும் தீர்த்தத்துக்கும் போகும்போது அட்டையே வேண்டாம். அந்தச் சன நெரிசலில் பை போனால் எப்போது போனதென்றே தெரியாது.

பவுண்ஸ் மாற்றுவதானால் வங்கியில், அல்லது மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் உள்ள இடத்தில் மாற்றி ரசீது வாங்குங்கள். கடை மெஷின் பவுண்ஸா ரூபாயா என்று கேட்டால் ரூபாயை அழுத்துங்கள். பவுண்ஸை அழுத்தினால் அந்த மாற்று விகிதத்தில் உங்களுக்குத்தான் நட்டம்.

டெபிட் காட் இருக்கும்போது கடனட்டை எதற்கு? கடன் என்றாலே பயமாக இருக்கிறது.

கடனுக்குப் பயப்படுவது நல்லதுதான். ஆனால் களவு என்று வரும்போது கணக்கு வேறு. டெபிட் காட்டில் கள்ளன் கை வைத்தால் போவது உங்கள் சம்பளம். விசாரணை முடியும் வரை வீட்டுச் செலவுக்கு நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும். கடனட்டையில் முதலில் போவது வங்கியின் காசு. பில் வந்ததும் "இது நான் செய்த செலவு இல்லை" என்று எழுத்தில் மறுக்கலாம். இணையத்தில் பொருள் வாங்கவும் ஹோட்டல் பதிவு செய்யவும் நான் கடனட்டையைத்தான் பாவிக்கிறேன். மாதம் முடிய முழுத் தொகையையும் கட்ட முடியாதவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லமாட்டேன். அவர்களைக் கள்ளனை விட வட்டிதான் கூடுதலாக விழுத்தும்.

எந்த அட்டையானாலும் தொலைந்த உடனே வங்கிக்கு அறிவியுங்கள். அறிவிப்பதற்கு முன் போன காசு பெரும்பாலும் உங்கள் பொறுப்பாகிவிடும். "வீட்டில் ஒருக்கால் தேடிப் பார்ப்போம்" என்று இரண்டு நாள் பொறுத்தவர்கள் என் முன்னால் அழுதிருக்கிறார்கள். அட்டையை நிறுத்திவிட்டுத் தேடுங்கள். கிடைத்தால் புது அட்டை எடுக்கும் அலைச்சல் மட்டும்தான். வங்கியின் அவசர எண்ணை ஃபோனிலும் ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் எஸ்.எம்.எஸ். வரும்படி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் அம்மம்மா காசையெல்லாம் அலுமாரியில்தான் வைத்திருக்கிறா. வங்கி என்றாலே கோபப்படுகிறா.

அவவோடு சண்டை பிடிக்காதீர்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் போருக்குப் பயந்து ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு நடந்த சனம் அது. மடியில் கட்டியிருந்த காசும் கழுத்தில் கிடந்த நகையும்தான் அன்றைக்குக் கஞ்சி ஊற்றின. அந்தப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. 2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் போனபோதும் கையில் காசு வைத்திருந்தவர்கள்தான் தடுமாறாமல் இருந்தார்கள்.

அதனால் இரண்டு, மூன்று கிழமைச் செலவுக்கான காசு வீட்டில் இருக்கட்டும். அதற்கு மேல் இருப்பதைப் பற்றித்தான் நீங்கள் பேச வேண்டும். அலுமாரிக் காசைக் கள்ளன் எடுத்தால், கறையான் தின்றால், யாரிடம் போய்க் கேட்பது? வங்கியே விழுந்தாலும் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. இதை அவவின் பக்கத்தில் இருந்து ஆறுதலாகச் சொல்லுங்கள்.

சுன்னாகத்தில் கடை வைத்திருக்கிறேன். 5000 ரூபாய்த் தாளைக் கண்டாலே கை நடுங்குகிறது.

வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள்ளே பறவையின் உருவம் தெரிய வேண்டும். சரித்துப் பார்த்தால் பாதுகாப்பு இழையின் நிறம் மாற வேண்டும். விரலால் தடவினால் அச்சு மேடாகப் படும். பின்னேரம் கடையில் சனம் கூடி, லைட்டும் மங்கலாக இருக்கும் நேரத்தில்தான் கள்ள நோட்டுத் தள்ளுகிறார்கள். கல்லாவுக்கு மேலே நல்ல பல்ப் ஒன்று போடுங்கள். ஏமாந்துவிட்டால் அதை வேறொருவர் தலையில் கட்டாதீர்கள், தெரிந்து கொடுப்பது குற்றம். பொலிஸிடமோ வங்கியிலோ ஒப்படையுங்கள். அந்த 5000 திரும்பாது, கையில் காசு வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான்.

தாலிக்கொடி வாங்கப் போனேன். அட்டையென்றால் 3% கூடுதலாகத் தர வேண்டும் என்கிறார்கள்.

அப்படி வாங்கக் கூடாதென்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. பில்லோடு உங்களுக்கு அட்டை தந்த வங்கிக்கு முறைப்பாடு செய்யுங்கள். அங்கே சரிவராவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. அந்த 3%க்குப் பயந்து லட்சக்கணக்கான காசைப் பையில் போட்டுக்கொண்டு கஸ்தூரியார் வீதியில் நடக்காதீர்கள். கடையின் கணக்குக்கு வங்கி மூலம் அனுப்பலாம்.

தபால் திணைக்களத்தின் பெயரில் எஸ்.எம்.எஸ். வந்தது. பார்சலுக்குச் சின்னத் தொகை கட்டச் சொன்னார்கள். அட்டை எண்ணும் பிறகு வந்த ஓ.டி.பி.யும் கொடுத்துவிட்டேன்.

இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் வங்கிக்கு ஃபோன் எடுங்கள் தம்பி. அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள், பொலிஸிலும் பதியுங்கள். அந்த எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்க வேண்டாம். ஓ.டி.பி.யை வங்கிக்காரரே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. உண்மையான வங்கிக்காரர் கேட்கவும் மாட்டார்.

எனக்கு 74 வயது. பின் நம்பர் மறந்து போகிறது. அட்டை உறையில் எழுதி வைக்கலாமா பிள்ளை?

வேண்டாம் அம்மா. அப்படி எழுதி வைத்திருந்த ஒரு ஓய்வூதியக்கார அம்மா, ஏ.ரி.எம்.மில் உதவி செய்ய வந்த பொடியனிடம் உறையோடு அட்டையைக் கொடுத்தா. அந்த மாதம் முழுக்க அவவுக்குக் கையில் ஒன்றுமில்லை. நீங்கள் பாஸ் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே கவுண்டருக்கு வாருங்கள். காசை எண்ணிப் பைக்குள் வைக்கும் வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள். பின்னால் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.