குரங்கில் கண்ட ‘பதற்ற மரபணு’: மகளுக்குப் பரிசோதனை தேவையா?

கேள்வி: என் அம்மாவுக்கும் அக்காவுக்கும் மனச்சோர்வு நோய் உண்டு. ஒன்பது வயதான என் மகள் மிகுந்த கூச்ச சுபாவம் உள்ளவள். குரங்குகளை ஆராய்ந்து பதற்றத்துக்கான மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும், உமிழ்நீரைக் கொண்டே அதைப் பரிசோதித்துச் சொல்லிவிடலாம் என்றும் ஓர் ஆய்வகம் விளம்பரம் செய்கிறது. மகளுக்கு அந்தப் பரிசோதனையைச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஆய்வகம் மரபணுவைத் தவறாகப் படித்துவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. சரியாகவே படித்தாலும், அந்த முடிவைக் கொண்டு உங்கள் மகளின் மனநலத்தைப் பற்றிப் பயனுள்ள எதையும் சொல்ல இயலாது.

இத்தகைய விளம்பரங்கள் பெரும்பாலும் குறிப்பிடுவது செரோடோனின் கடத்திப் புரதத்துக்கான மரபணுவை. செரோடோனின் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்த வெளியிடும் வேதிப்பொருள். அப்படி வெளியிட்ட செரோடோனினைத் திரும்ப உள்ளிழுக்கும் புரதம் இது. மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரைகளில் பலவும் அதன் மீதே செயல்படுகின்றன. அந்த மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதி சிலருக்கு நீளமாகவும் சிலருக்குக் குட்டையாகவும் அமைந்திருக்கிறது. நம் கோயில்களில் திரியும் நாட்டுக் குரங்கின் வடநாட்டு உறவினமான ரீசஸ் குரங்கிலும் இதையொத்த வேறுபாடு உண்டு.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஸ்டீபன் சுவோமியும் உடன் பணியாற்றியவர்களும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். குட்டிகளில் ஒரு பகுதி தாயிடமும், மறுபகுதி பிறந்த உடனேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு ஒத்த வயதுக் குட்டிகளோடும் வளர்க்கப்பட்டன. தாயின்றி வளர்ந்தவற்றில் குட்டை வகை மரபணு உள்ளவற்றுக்கு, மூளைத் தண்டுவட நீரில் செரோடோனின் சிதைந்து உருவாகும் பொருளின் அளவு குறைவாக இருந்ததாகவும், தாயிடம் வளர்ந்தவற்றில் அந்த மரபணு எவ்வித வேறுபாட்டையும் காட்டவில்லை என்றும் 2002இல் வெளியான ஆய்வு கூறியது. விளம்பரம் விட்டுவிடுவது இந்தப் பின்பாதியைத்தான். மரபணு தனித்து நின்று பதற்றத்தைத் தருகிறது என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை. வளர்ப்பைப் பொறுத்தே அதன் விளைவு மாறுகிறது என்றுதான் சொன்னது.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வொன்று, வாழ்க்கை நெருக்கடிகளும் குட்டை வகை மரபணுவும் சேரும்போது மனச்சோர்வு மிகுவதாக 2003இல் அறிவித்து உலகெங்கும் பேசப்பட்டது. ஆயினும், பின்னர் லட்சக்கணக்கானோரின் தரவுகளை அலசி 2019இல் வெளியான ஆய்வில், இந்த மரபணு உட்பட, முன்பு பெரிதாகப் பேசப்பட்ட 18 மரபணுக்களுக்கும் மனச்சோர்வோடு குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 600 இளம் ரீசஸ் குரங்குகளை ஆராய்ந்தபோதும், பதற்ற இயல்பில் காணும் வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவே பரம்பரையால் விளக்கப்பட்டது. அதுவும் பல மரபணுக்களின் சிறுசிறு பங்களிப்புகள் சேர்ந்ததாகவே இருக்கும். மேலும், அது ஒரு கூட்டத்துக்கான கணக்கே அன்றி, ஒரு தனிக் குழந்தைக்கான கணிப்பு அன்று.

இதனால் குரங்கு ஆய்வுகள் வீண் என்று கருதிவிட வேண்டாம். ரீசஸ் குரங்கின் மரபணுத் தொகுதி சுமார் 93 சதவீதம் நம்முடையதை ஒத்திருப்பதாக 2007இல் தெரியவந்தது. முடிவெடுத்தலுக்கும் சமூக நடத்தைக்கும் அடிப்படையான மூளையின் முன்பகுதி எலியைவிடக் குரங்கில்தான் நமக்கு நெருக்கமாக அமைந்துள்ளது. நோய் ஒரே மரபணுவின் பழுதால் வரும்போது இந்த நெருக்கம் பெரிதும் உதவுகிறது. ஷாங்க்3 என்ற மரபணுவைப் பழுதாகும்படி மாற்றிப் பிறப்பித்த குரங்குகளிடம் தூக்கக் குலைவும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும், பிற குரங்குகளோடு குறைவாகப் பழகுவதும் காணப்பட்டதாக 2019இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மனிதரிலும் இந்த மரபணுவின் பழுது ஆட்டிசத்தோடு தொடர்புடையது. ஆகவே வளர்ச்சித் தாமதமும் ஆட்டிசமும் சேர்ந்து காணப்படும் குழந்தைக்கு மருத்துவர் மரபணுப் பரிசோதனையைப் பரிந்துரைத்தால் அதில் பொருள் உண்டு. (இவ்வளவு துன்பத்தைக் குரங்குகள் மீது சுமத்தலாமா என்பது எனக்கும் எளிதில் விடை கிடைக்காத கேள்வி.)

உங்கள் மகளின் கூச்சம் நோயன்று. ஆனால் பள்ளிக்குச் செல்ல மறுப்பது, பரிசோதனையில் காரணம் தெரியாத வயிற்றுவலி, தூக்கமின்மை ஆகியவை சில வாரங்கள் நீடித்தால் குழந்தை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அப்போது அம்மாவுக்கும் அக்காவுக்கும் எந்த வயதில் நோய் தொடங்கியது, எந்த மருந்து பலனளித்தது என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்த ஒரு தாள் உமிழ்நீர்ப் பரிசோதனையைவிட மருத்துவருக்கு அதிகம் உதவும். பேச்சுவழி சிகிச்சையைத் தொடங்க மரபணு அறிக்கை எதுவும் தேவையில்லை. அதற்கு முன் யாரிடமாவது கலந்தாலோசிக்க விரும்பினால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.