வளவு வெளிச்சமும் ரா ஃபைலும்

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைப் படம் எடுத்து வருகிறேன். வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த நடுப்பகுதியில், முற்றம் வெள்ளையாக வெளிறிப்போகிறது, சுற்றியுள்ள தூண்கள் கருப்பாக விழுகின்றன. ஜேபெக்கை விட்டு ராவுக்கு மாறினால் சரியாகுமா? கல்யாணத்துக்கும் ராதான் வேண்டுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: தூண்கள் சரியாகும். முற்றம் தப்புவது நீங்கள் வைக்கும் எக்ஸ்போஷரில் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவில்) இருக்கிறது.

ரா என்பது சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல்; ஜேபெக் கேமராவே பதப்படுத்திச் சுருக்கிய படம். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. இருட்டில் நிற்கும் தேக்குத் தூணை இலவச டார்க்டேபிள் மென்பொருளில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) ஏற்றிப் பாருங்கள். ராவில் மரத்தின் ரேகை எழுந்து வரும். ஜேபெக்கில் தூண் திட்டுத்திட்டாகும், பின்னால் உள்ள வழவழப்பான சுண்ணாம்புச் சுவரில் பட்டைபட்டையாகக் கோடு விழும்.

ஆனால் வெயில் விழுந்த தரை முழு வெள்ளையாகிவிட்டால் ராவும் கைவிட்டுவிடும். பிக்சல் நிரம்பிய பிறகு வந்த ஒளிக்குப் பதிவே கிடையாது. அதனால் முற்றத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், தூணைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். டிரைபாடும் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100-ம் அவசியம். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் ஏற்றும்போது புள்ளி தெரியும். உச்சிவெயிலில் வெளிச்ச வித்தியாசம் ராவுக்கும் அடங்காது. அப்போது -2, 0, +2 ஸ்டாப் என மூன்று படம் எடுத்து இணையுங்கள், அல்லது காலை வெயில் முற்றத்துக்குள் இறங்குமுன் முடித்துவிடுங்கள்.

ஆத்தங்குடி டைல்ஸில் இன்னொரு கண்ணி உண்டு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு மட்டும் முதலில் நிரம்பி, பூ வேலை மறைந்து ஒரே சிவப்புத் தகடாகிவிடும். கேமராவில் ஒளி அளவைக் காட்டும் வரைபடமான பொது ஹிஸ்டோகிராம் இதைக் காட்டாது. ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியே பாருங்கள். அதுவும் ராவுக்கு உள்ளிருக்கும் ஜேபெக் முன்னோட்டத்தை வைத்து வரைவதுதான் என்பதால், பிக்சர் ஸ்டைல் என்ற நிற அமைப்பை நியூட்ரலில் வைத்தால் உண்மைக்குக் கொஞ்சம் நெருங்கும். ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பை) ராவில் பிறகு மாற்றினாலும் தரம் குறையாது.

கல்யாணத்துக்கு எல்லாம் ராவில் வேண்டாம். பந்தி, வரவேற்புக்கு ஜேபெக் போதும், அன்றிரவே கொடுத்துவிடலாம். திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்துக்கு மட்டும் ரா+ஜேபெக் போடுங்கள்: கழுத்துருவின் (நகரத்தார் தாலியின்) பொன்னும் வெள்ளை வேட்டியும் சட்டென வெளிறுபவை. தொடர்ந்து அழுத்தாமல் இரண்டு மூன்று படமாக எடுங்கள். ராவில் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) சீக்கிரம் நிரம்பி, முடிச்சு விழும் நேரம் பார்த்துக் கேமரா நின்றுவிடும். 24 மெகாபிக்சல் கேமராவில் இரண்டும் சேர்ந்தால் ஒரு படம் ஏறக்குறைய 40 எம்.பி. வரை போகும். இரண்டாவதாக ஒரு 64 ஜிபி கார்டும் கையில் இருக்கட்டும்.