புது ஆளிடம் வாங்கும் கையெழுத்து

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டுமானத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சொந்த ஊர் தர்மபுரி. வாரத்துக்கு இருபது முப்பது புது ஆட்கள் வருகிறார்கள். கேட் பக்கத்து ஷெட்டில் அரை மணி நேரம் இந்தி வீடியோ, அப்புறம் ரெஜிஸ்டரில் கையெழுத்து, ஒரு ஹெல்மெட். புது ஆளுக்கான பாதுகாப்புப் பாடம், அதாவது இண்டக்‌ஷன் அவ்வளவுதான். போன மாதம், வந்த இரண்டாம் நாளே ஒரு பையன் ஸ்லாபில் கிடந்த பிளைவுட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து, அடியில் இருந்த டக்ட் ஓட்டையில் (குழாய்கள் போக ஸ்லாபில் விடும் துளை) விழுந்தான். கீழே, கான்கிரீட்டைத் தாங்க அடிக்கும் சென்ட்ரிங் பலகையில் சிக்கியதால் கால் முறிவோடு தப்பினான். லிஃப்ட், பெயின்ட் கான்ட்ராக்டர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறவர்களுக்கும்கூட அதே வீடியோதான். யாருக்கு என்ன சொல்ல வேண்டும்?

பதில்: ரெஜிஸ்டரைப் புரட்டிப் பாருங்கள், அந்தப் பையனின் கையெழுத்து இருக்கும். ஓட்டைகளை மூடி வைக்க வேண்டும் என்று வீடியோவிலும் எங்கோ வந்திருக்கும். ஆனால் ஸ்லாபில் ஒரு பிளைவுட் கிடந்தால் அதன் அடியில் தரை இல்லாமலும் இருக்கலாம் என்று யாரும் அவனைக் கூட்டிப்போய்க் காட்டவில்லை. பலகையைத் தூக்குகிறவன் அதை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைக்கிறான். பலகை மறைப்பதால் கால் போகும் இடம் தெரியாது. இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து இது. மூடிய ஓட்டைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, "இதை எடுக்கணும்னா முதல்ல யாரைக் கேட்பே?" என்று கேட்க இரண்டு நிமிஷம் போதும். மூடி நகராதபடி அடித்து வைப்பதும், மேலே சிவப்பு பெயின்டில் குறி போடுவதும் உங்கள் வேலை. அதை அவன் தலையில் கட்டாதீர்கள்.

முதலில் மாற்ற வேண்டியது கையெழுத்துப் பழக்கத்தை. சொன்னதை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் செய்து காட்ட வேண்டும். பல வருஷம் நான் தமிழ் வாடை அடிக்கும் இந்தியில் பாடம் நடத்தினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருநாள் ஒரு ஒடியா ஆளிடம் "ஆபத்து என்றால் எங்கே கூடணும்?" என்று கேட்டேன். கேன்டீனைக் காட்டினார். அன்றிலிருந்து தலையாட்டலை நான் நம்புவதில்லை. பெங்களூரு சைட்டில் ராய்ச்சூர்க்காரர், கிருஷ்ணகிரிக்காரர், பீகாரி, வங்காளி எல்லோரும் ஒரே மாடியில் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு மொழி தெரிந்த ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருக்கு அரை நாள் கூலி கொடுத்து உட்கார வையுங்கள்.

உயரத்தில் வேலை செய்யப் போகிறவருக்கு பாதுகாப்பு பெல்ட்டைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. கொக்கியை எங்கே மாட்டுவது என்பதுதான் பாடம். சுமார் 1.8 மீட்டர் கயிறும், விழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஷாக் அப்சார்பரும் உள்ள பெல்ட்டைக் கால் மட்டத்தில் மாட்டிக்கொண்டு விழுந்தால், கயிறு நீண்டு, அப்சார்பர் விரிந்து, ஆள் தரையில் மோதாமல் தொங்கி நிற்க, கீழே ஐந்தரை, ஆறு மீட்டர் இடம் வேண்டும். உங்கள் ஒரு மாடியின் உயரம் மூன்று மீட்டர்தான். அதாவது முதல் மாடியில் அப்படி மாட்டியவர், பெல்ட் போட்டபடியே தரையில் மோதுவார். தலைக்கு மேலே, அசையாத இடத்தில் மாட்டச் சொல்லி, மாட்டுவதை நின்று பாருங்கள். இரண்டு ராத்திரி ரயிலில் வந்து இறங்கிய பையனை அன்றைக்கே சாரத்தில் ஏற்றவும் கூடாது. தூங்கினாயா, சாப்பிட்டாயா, வலிப்பு, தலைசுற்றல் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். பத்துப் பேர் முன்னால் கேட்டால் ஒருத்தனும் ஆமாம் என்று சொல்ல மாட்டான், கூலி போய்விடும் என்ற பயம். "பயமா இருந்தா இறங்கி வா, அன்னைக்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம்" என்று சொல்ல உங்கள் மேனேஜர் சம்மதித்தால், மற்ற பாடங்களையெல்லாம் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கான்ட்ராக்டர் ஆட்கள் வேறு ரகம். லிஃப்ட் மாட்டுகிறவருக்கு லிஃப்ட் தெரியும், உங்கள் சைட் தெரியாது. எந்த டக்ட் திறந்திருக்கிறது, மேலே எந்த மாடியில் சென்ட்ரிங் பிரிக்கிறார்கள், கரன்ட்டை எங்கே நிறுத்துவது என்பதை அவரிடம் சொல்ல வேண்டும். அவர் எதைக் கொண்டு வருகிறார் என்று நீங்கள் கேட்கவும் வேண்டும். இந்த இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மூடிய சம்ப்புக்குள் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) கரைப்பான் கலந்த வாட்டர்ப்ரூஃபிங் பூசுகிறவர் அந்தப் புகையிலேயே மயங்கலாம்.

கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி இன்னும் மோசம். அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைத்துத்தான் இறங்குகிறார்கள். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் வேண்டாம். விளக்கு எரிந்தால் ஆக்சிஜன் ஓரளவு இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது, மீத்தேன் இருந்தால் வெடிக்கும். கேஸ் மீட்டர், காற்றோட்டம், எழுத்தில் அனுமதிச் சீட்டு, மேலே ஒரு காவல் ஆள், இந்த நான்கும் இல்லாமல் மூடியைத் திறக்கவே விடாதீர்கள். காவல் ஆளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: உள்ளே இருப்பவர் விழுந்தால் நீ குதிக்காதே, கத்து, 112-ஐ அழை. காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து சாவதுதான் இங்கே வழக்கமாக நடப்பது.

வீடு பார்க்க வரும் குடும்பத்துக்கு வீடியோ எதற்கு? ஹெல்மெட், மூடிய செருப்பு, கூடவே உங்கள் ஆள் ஒருவர், கயிறு கட்டிய ஒரே வழி. குழந்தைகளை, காட்டுவதற்கென்று வைத்திருக்கும் மாடல் வீட்டோடு நிறுத்திவிடுங்கள். மேலே வேலை நடக்கும் நேரத்தில் அந்த டவர் பக்கமே கூட்டிப் போகாதீர்கள், சேல்ஸ் ஆட்கள் முறைத்தாலும் சரி.

நீங்கள் கேட்காத ஓர் ஆள், லாரி டிரைவர். பகலில் லாரிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டிகள் பெரும்பாலும் ராத்திரி வருகின்றன. அப்போது சேஃப்டி ஆபீசர் வீட்டில் தூங்குவார். டிரைவருக்குக் கேட்டிலேயே ஒரு நிமிஷம்: எங்கே நிறுத்துவது, கைகாட்டும் ஆள் இல்லாமல் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது, கிளீனர் வண்டிக்குப் பின்னால் நிற்கக் கூடாது. இதை செக்யூரிட்டியே சொல்லலாம், அவருக்குக் கற்றுக்கொடுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1996-ன் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் இருந்த இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பழையது, புதியது இரண்டிலுமே பாதுகாப்புப் பொறுப்பு வேலை கொடுப்பவருடையது. ரெஜிஸ்டரில் கையெழுத்து இருப்பதால் அது தொழிலாளி தலைக்கு மாறிவிடாது. மேனேஜர் நேரமில்லை என்றால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அந்தப் பையன் கால் சரியாகித் திரும்பி வந்தால், அவனுக்கு விருப்பம் இருந்தால் மட்டும், அடுத்த திங்கட்கிழமை புது ஆட்களை அந்த ஸ்லாபுக்கு அவனையே கூட்டிப் போகச் சொல்லுங்கள்.