ஹைபிரிட் காருக்குக் கூடுதல் பேட்டரி: இரண்டரை லட்சம் போட்டால் திரும்பி வருமா?

கேள்வி: 2023-இல் டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட் வாங்கினேன். வடவள்ளியிலிருந்து பீளமேடு போய்வர தினமும் 30 கி.மீ. லிட்டருக்கு 22 தருகிறது. தெரிந்தவர் ஒருவர், டிக்கியில் கூடுதலாக லித்தியம் பேட்டரி வைத்து வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் போடும்படி மாற்றித் தருகிறேன், 30 கி.மீ. வரை பெட்ரோலே தேவைப்படாது என்கிறார். இரண்டரை லட்சம் கேட்கிறார். மாடியில் சோலார் இருப்பதால் ஆசையாக இருக்கிறது. கொட்டேஷனை அனுப்பியிருக்கிறேன். செய்யலாமா?
– கோவை வாசகர்

பதில்: வேண்டாம். ஏன் என்பதற்கு முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

உங்கள் காரில் இப்போது இருக்கும் பேட்டரி 0.76 யூனிட்தான் கொள்ளும். இந்த அளவு காரை ஒரு யூனிட் கரண்ட் சுமாராக 6 கி.மீ. இழுக்கும். ஆக 30 கி.மீ. ஓட 5 யூனிட் வேண்டும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் வீட்டு மீட்டரில் ஐந்தரை ஓடும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 44 ரூபாய். இப்போது அதே தூரத்துக்கு 1.36 லிட்டர் பெட்ரோல், கிட்டத்தட்ட 138 ரூபாய். நாளைக்கு மிச்சம் 94 ரூபாய். மாதம் 25 நாள் ஆபீஸ் என்றால் வருடத்துக்கு 28,200. போட்ட இரண்டரை லட்சம் திரும்பி வர ஏறக்குறைய ஒன்பது வருடம். அதுவும் எஞ்சின் ஒரு தடவைகூட ஸ்டார்ட் ஆகாமல் இருந்தால்தான்.

ஆனால் ஸ்டார்ட் ஆகும். ஹைபிரிட் காரை வடிவமைத்தவர்கள் பெட்ரோல் எஞ்சினும் கரண்டில் ஓடும் மோட்டாரும் மாறி மாறி இழுக்கும் என்ற எண்ணத்தில்தான் எல்லாவற்றையும் அமைத்திருக்கிறார்கள். கூடுதல் பேட்டரி வைக்கிறவர் செய்வதெல்லாம், ‘பேட்டரி நிரம்பித்தான் இருக்கிறது, மோட்டாரை ஓட்டு’ என்று காரின் கம்ப்யூட்டரை நம்ப வைப்பதுதான். கம்ப்யூட்டர் ஓரளவுக்குத்தான் நம்பும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலோ, வேகம் கூடினாலோ எஞ்சினைக் கூப்பிட்டுவிடும். மலிவான கிட்களில் இன்னொரு தொல்லை: பெரிய பேட்டரியிலிருந்து கரண்ட் மெதுவாகத்தான் கசிந்து வரும். மேம்பாலம் ஏறும்போது காரோடு வந்த சின்ன பேட்டரி காலியாகி, யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதையாகிவிடும்.

இதெல்லாம் புதிய யோசனையும் இல்லை. 2004-இலேயே கலிபோர்னியாவில் கால்கார்ஸ் என்ற ஆர்வலர் குழு, டொயோட்டா பிரியஸ் காரின் பின்பக்கம் சாதாரண லெட்-ஆசிட் பேட்டரிகளை அடுக்கி, வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டு ஓட்டிக் காட்டியது. கேலனுக்கு நூறு மைலுக்கு மேல் என்று காரின் மேலேயே எழுதி ஊர்வலம் விட்டார்கள். அந்த பிரியஸில் வேகம் மணிக்கு 67 கி.மீ. தாண்டினால், பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும் எஞ்சின் சுழன்றே ஆக வேண்டும். உள்ளே இருக்கும் பல்சக்கர அமைப்பு அப்படி. பிறகு ஹைமோஷன் என்ற கம்பெனி 5 யூனிட் லித்தியம் கிட்டை முறையாகச் சோதித்து விற்றது. விலை சுமார் 10,000 டாலர். வாங்கியவர்களில் பெரும்பாலோர் பணத்தை எண்ணிப் பார்த்து வாங்கியவர்கள் இல்லை, ‘செய்து காட்ட முடியும்’ என்ற உற்சாகத்தில் வாங்கியவர்கள். ஹைமோஷனை 2007-இல் வாங்கிய ஏ123 கம்பெனி 2012-இல் திவால் மனு கொடுத்தது. அதே வருடம் டொயோட்டாவே 4.4 யூனிட் பேட்டரியுடன் பிளக்-இன் பிரியஸை விற்கத் தொடங்கியது. அந்த ஆர்வலர்கள் கேட்டது அதைத்தானே? அவர்கள் வேலை முடிந்தது. அவர்கள் தொடங்கிய இடத்திலிருந்து 20 வருடம் கழித்து நீங்கள் ஏன் மறுபடி தொடங்க வேண்டும்?

இப்போது கொட்டேஷனுக்கு வருகிறேன். அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘லித்தியம் பேட்டரி செட் – 1, ஃபிட்டிங் உட்பட’ என்று ஒரே வரி. கீழே தொகை, அதற்குக் கீழே கையெழுத்து. செல் எந்தக் கம்பெனியுடையது, எத்தனை வோல்ட், எத்தனை வருட வாரண்டி, எதுவும் இல்லை. ஜி.எஸ்.டி. எண்கூட இல்லை. இரண்டாயிரம் ரூபாய் இன்வெர்ட்டர் பேட்டரி ரிப்பேருக்கே இதைவிட நல்ல பில் கொடுப்பார்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து காரை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஹைபிரிட், எலக்ட்ரிக் கிட்டுகளுக்கென்று ஏ.ஐ.எஸ். 123 என்ற தரநிலை இருக்கிறது, வாகனங்களைச் சோதிக்கும் புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற இடத்தில் சோதித்து அனுமதி வாங்கிய கிட்டாக இருக்க வேண்டும், ஆர்.சி.யிலும் ஏற வேண்டும். உங்கள் நண்பரிடம் அந்த அனுமதிச் சான்றிதழைக் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும் என்று நினைக்கிறேன். (2010-இல் புனேயின் கே.பி.ஐ.டி. கம்மின்ஸ் நிறுவனம், பாரத் ஃபோர்ஜுடன் சேர்ந்து, ‘ரெவோலோ’ என்று பெட்ரோல் கார்களில் மாட்டும் ஹைபிரிட் கிட்டை ஆரவாரமாக அறிமுகம் செய்தது. ரோட்டில் ஒன்றையாவது பார்த்த ஞாபகம் உண்டா? பெரிய கம்பெனிகளுக்கே அந்தப் பாடு.) அனுமதியில்லாமல் மாற்றிவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லாமல் விட்டால், கிளெய்ம் போகும் நாளில் சர்வேயர் டிக்கியைத் திறந்து பார்ப்பார். ஹைபிரிட் பேட்டரிக்கு டொயோட்டா தரும் 8 வருட அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டியையும் மறந்துவிட வேண்டியதுதான்.

டிக்கியைப் பற்றிச் சொல்ல மறந்தேன். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் அது ஏற்கெனவே 265 லிட்டர்தான். அதில் 60 கிலோ பெட்டியை இறக்கிவிட்டால், குலதெய்வம் கோயிலுக்குப் போகும் அன்று பொங்கல் பானையை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

சோலார் ஆசை தப்பில்லை. அதே பணத்தில் நல்ல எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று வாங்கினாலும் பாதிக்கு மேல் மீதி இருக்கும். ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போங்கள். மழை பெய்கிற நாளுக்கும் குடும்பத்தோடு போவதற்கும் கார் இருக்கிறது.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த 2011 பிரியஸ் வைத்திருக்கிறேன். பற்றரி பலவீனமாகிவிட்டது. பழையதைக் கழற்றிவிட்டு, பிளக்கில் சார்ஜ் செய்யக்கூடிய பெரிய லித்தியம் பற்றரி போடலாம் என்று கராஜ்காரர் சொல்கிறார்.
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: மேலே இந்தியச் சட்டத்தையும் வாரண்டியையும் பற்றிச் சொன்னதை விட்டுவிடுங்கள்; காரின் கம்ப்யூட்டரை ஏமாற்றுவது பற்றிச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். உங்கள் காரில் இருப்பது நிக்கல் பேட்டரி. அதன் சார்ஜைக் கணிக்கும் கம்ப்யூட்டரும் நிக்கலுக்காகச் செய்தது. அங்கே லித்தியத்தைக் கொண்டுபோய் வைப்பது விஷயம் தெரிந்தவர்களுக்கே எளிதான வேலை இல்லை.

முதலில் பின்சீட்டின் ஓரத்தில் இருக்கும் காற்றுத் துளையைப் பாருங்கள். பேட்டரியைக் குளிர்விக்கும் ஃபேன் அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. தூசியும் முடியும் அடைத்து அது மூச்சுத் திணறினால் நல்ல பேட்டரியும் சூடாகிச் சீக்கிரம் சாகும். சுத்தம் செய்த பிறகு ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரிக்குள் இருக்கும் 28 கட்டைகளும் (மாட்யூல்கள்) இரண்டிரண்டாக 14 ஜோடியாகத் திரையில் தெரியும். காரை ஓட்டும்போது ஒரே ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றைவிட மடமடவென்று இறங்கினால், அதை மட்டும் மாற்றிச் சில காலம் ஓட்டலாம். ஆனால் மற்ற கட்டைகளுக்கும் அதே வயதுதான்; ஆறு மாதத்தில் இன்னொன்று போகலாம். காரை இன்னும் ஐந்தாறு வருடம் வைத்திருக்க நினைத்தால் புதிய நிக்கல் செட் முழுவதும் போடுங்கள். எதைப் போட்டாலும், கழற்றுவதற்கு முன்பே அந்த ஸ்கேனர் திரையை உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.