மைக்ரோஃப்ளூயிடிக்ஸ், உயிருள்ள செல் இமேஜிங்: கேட்டதும் சொன்னதும்

முதலாண்டு ஆய்வு மாணவி: மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பை (நுண்ணிய சேனல்களில் திரவம் ஓடும், உள்ளே செல்கள் வளரும் சிறு தகடு) மைக்ராஸ்கோப்பில் ஏற்றி இரண்டு மணி நேரத்தில் சேனலில் குமிழி வந்து செல்களை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. பம்பை மாற்றலாமா, சார்?

பம்ப் மேல் பழி போடாதீர்கள். ஃப்ரிட்ஜில் இருந்த மீடியத்தில் (செல்களுக்கான ஊட்டத் திரவம்) காற்று அதிகம் கரைந்திருக்கும். 37 டிகிரிக்குச் சூடாகும்போது குமிழியாகப் பிரியும். இன்குபேட்டரில் மூடியைத் தளர்த்தி சில மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். காலி சிப்பை 30 நிமிடம் வெற்றிட டெசிகேட்டரில் (காற்றை உறிஞ்சி எடுத்த மூடிய கலம்) வைத்து, எடுத்த கையோடு நிரப்புங்கள்; காற்றை இழந்த பிடிஎம்எஸ் (சிப் செய்யும் சிலிக்கோன் ரப்பர்), சேனலில் தங்கும் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். குழாயைச் செருகும்போது குழாய் முனையில் ஒரு சொட்டு, துளை வாயில் ஒரு சொட்டு துருத்தி நிற்க வேண்டும். சொட்டும் சொட்டும் தொட்டு ஒன்றான பிறகே உள்ளே தள்ளுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண்.

முதுகலை மாணவர்: சேனல் அகலம் 500 மைக்ரான், உயரம் 100. எவ்வளவு வேகத்தில் மீடியம் விடலாம்?

சுவர் மேல் விழும் உராய்வழுத்தம் = 6 × பாகுநிலை × ஓட்டம் ÷ (அகலம் × உயரத்தின் வர்க்கம்). மீடியத்தின் பாகுநிலை 37 டிகிரியில் சுமார் 0.7 மில்லிபாஸ்கல் விநாடி. நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் விட்டால் 0.014 பாஸ்கல்தான் வரும். பெரும்பாலான செல்கள் தாங்கும். உயரத்தை 50 ஆக்கினால் அதே ஓட்டத்தில் நான்கு மடங்கு. செல்களை விதைத்ததும் ஓட்டத்தைத் திறக்காதீர்கள், ஒட்டிப் பரவ நாலைந்து மணி நேரமாவது கொடுங்கள்.

ஆய்வு மாணவர்: பத்து மணி நேரத்தில் செல்கள் உருண்டு திரண்டு செத்துவிடுகின்றன.

படமே எடுக்காத ஒரு மூலையைப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் குற்றவாளி ஒளி: நீல ஒளியைக் குறைத்து, சிவப்புப் பக்கச் சாயத்துக்கு மாறி, படங்களுக்கு இடையிலான நேரத்தைக் கூட்டுங்கள். படம் மங்கலாக வந்தாலும் பரவாயில்லை, செத்த செல்லின் அழகான படம் எதற்கு? அங்கேயும் செத்திருந்தால் வெப்பம், கார்பன் டை ஆக்ஸைடு, மீடியம் ஆவியாதல் என்று வரிசையாகச் சோதியுங்கள்.

முனைவர் பட்டம் முடிக்கப் போகிறவர்: இதை வைத்து வேலை கிடைக்குமா? கோடிங் எதற்கு என்று மேடம் வேறு திட்டுகிறார்.

கோடிங் இல்லாமல் முடியாது. 2048 × 2048, 16 பிட் படம் ஒன்று 8 எம்பி. பத்து இடம், இரண்டு நிறம், 5 நிமிடத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரம்: 5,760 படம், சுமார் 48 ஜிபி. கையால் எண்ண முடியுமா? ஃபிஜி என்ற பட அலசல் மென்பொருளில் தொடங்கி, பைதான், படத்தில் செல்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் செல்போஸ் என்று போங்கள். வேலையைப் பொறுத்தவரை, நுரையீரல் போல இயங்கும் சிப் 2010இல் வந்தது. புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கியது. அதனால் மருந்து நிறுவனங்களும் இந்தப் பக்கம் பார்க்கின்றன. நேர்காணலில் உங்கள் சிப் எங்கே கசிந்தது, ஏன் கசிந்தது என்று சொல்லத் தெரிந்தால் அதுவே பெரிய தகுதி.

முதலில் கேட்ட முதலாண்டு மாணவி: மருந்து விட்டும் செல்லில் மாற்றமே இல்லை, சார்.

நீரை வெறுக்கும் சிறு மூலக்கூறா? அப்படியானால் பிடிஎம்எஸ் குடித்துவிட்டிருக்கும். வெளிவாயில் திரவத்தில் செறிவை அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் கண்ணாடி சிப்புக்கு மாறுங்கள்.